தானாக ஆறிய புண்: காசிமேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் பகுதி கிளினிக்குகளில் கூட்டம் கூடிவிடும். மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சென்னை காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஆட்கள் வலையைச் சரிபார்ப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், அப்புறம் கடலில் இருந்தபோது தள்ளிப்போட்ட நோவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வருவார்கள். பல்வலி, இடுப்பு வலி, முள் குத்திச் சீழ் கோத்த விரல். இவர்களோடு ஒன்றிரண்டு பேர், மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி, "சார், தனியா ஒரு மேட்டரு" என்பார்கள்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றியது இது. வயது 28. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி கர்ப்பம், மசக்கை தாங்காமல் எண்ணூரில் அம்மா வீட்டில் இருந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயை முதலில் நான் தவறவிட்டேன். எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதல் வருகை

ஆணுறுப்பில் ஐந்து நாளாகப் புண் என்றார்.

"எப்படி ஆரம்பிச்சது தம்பி?"

"சின்னதா பரு மாதிரி இருந்துச்சு சார். அப்புறம் தோலு உரிஞ்சிடுச்சு."

"வலிக்குதா?"

"எரியுது சார். செம எரிச்சல்."

என் விசாரணை அதோடு நின்றுவிட்டது. எப்போதிலிருந்து எரிகிறது என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஜூலையில் கேட்டபோது சொன்னார்: முதல் இரண்டு நாள் அவருக்கு எதுவுமே தெரியவில்லை, குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டுத்தான் பார்த்திருக்கிறார். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்திருக்கிறார், வெந்தயம் ஊறவைத்துத் தின்றிருக்கிறார். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் "அங்க அரிக்குது" என்று மட்டும் சொல்லி ஒரு டியூப் வாங்கியிருக்கிறார். அப்படிக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்த களிம்புதான். அதிலும் அடங்காததால் நான்காம் நாள் ராத்திரி, காயம் கழுவும் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்து அப்படியே வைத்து அழுத்தியிருக்கிறார். எரிச்சல் தொடங்கியது அந்த ராத்திரிதான். அதாவது, என்னிடம் அவர் சொன்ன எரிச்சல் நோயுடையது அல்ல, மருந்துடையது.

முன்தோலைத் தள்ளிப் பார்த்தேன். மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு புண். அதைச் சுற்றித் தோல் வெந்து உரிந்த மூன்று நான்கு சிறு திட்டுகள். பஞ்சு பட்டதும் முகத்தைச் சுளித்தார். தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. கோலிக்குண்டு போல விரலுக்கடியில் நகர்ந்தது, அமுக்கினால் வலி இல்லை. என் நோட்டில் இன்னமும் இருக்கிறது: 'இருபுறமும் நெறி, கெட்டி, வலியில்லை.' எழுதினேனே தவிர எழுதியதைப் படிக்கவில்லை.

பல திட்டுகள், எரிச்சல், இளம் வயது. ஹெர்பிஸ் என்ற வைரஸ் நோய் என்று முடிவு கட்டினேன். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், மூன்று வேளை, ஏழு நாள். சம்மதம் கேட்டு ஹெச்.ஐ.வி. பரிசோதனையும், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தேன். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

மே நடுவில் வந்து, "சூப்பர் சார், சுத்தமா ஆறிடுச்சு" என்றார். பார்த்தேன். தழும்புகூட இல்லை. புண் ஆறும்வரை மனைவியிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்லியிருந்தேன். இனி அதெல்லாம் வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினேன். சிபிலிஸ் புண் மருந்தே இல்லாமல் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும் என்பது இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் நான் கொடுத்த மாத்திரையில்தான் ஆறியது என்று நம்புவது எவ்வளவு சுகமாக இருந்தது!

அந்தப் புண் என்னவாகவெல்லாம் இருந்திருக்கலாம்

பிறப்புறுப்பில் புண் என்று வந்தால், பால்வினை நோய்களில் ஐந்தை நினைக்க வேண்டும். ஐந்துக்கும் சம இடம் கொடுக்கத் தேவையில்லை. இன்றைக்கு இங்கே பார்ப்பதில் பெரும்பாலானவை ஹெர்பிஸ், அடுத்தது சிபிலிஸ்.

ஹெர்பிஸ் கொத்தாக வரும். முதலில் சுருசுருவென்று ஒரு குறுகுறுப்பு, அப்புறம் நீர் கோத்த சிறு கொப்புளங்கள், அவை உடைந்து ஆழமில்லாத புண்கள். நன்றாக வலிக்கும். முதல் முறை வரும்போது காய்ச்சல் இருக்கும், சிறுநீர் போகவே பயப்படுவார்கள். வைரஸ் நரம்பு முடிச்சில் போய் உட்கார்ந்துகொள்வதால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். "வருஷத்துக்கு மூணு தபா வரும் சார், ஜுரம் வந்தா கூடவே வரும்" என்று ஒருவர் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்தது. அசைக்ளோவிர் புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். வைரஸை உடம்பிலிருந்து துரத்தாது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வரும்போது அவர் வேறு டாக்டரிடம் போவார், அல்லது மனைவியைச் சந்தேகப்படுவார்.

சிபிலிஸ் அதற்கு நேர்மாறு. பெரும்பாலும் ஒரே புண். தொற்று ஏறி 9 நாளிலிருந்து 90 நாளுக்குள் வரும், சராசரியாக மூன்று வாரம். அடிப்பாகம் சுத்தமாக, ஓரம் சீராக இருக்கும். வலிக்காது. கையுறை போட்ட இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்தால், துணிக்குள் சட்டைப் பொத்தான் இருப்பது போலக் கெட்டியாகத் தட்டுப்படும். நான் கண்ணால் பார்த்தேன், பஞ்சால் தொட்டேன். விரலால் பிடித்துப் பார்க்கவில்லை. கிரந்தி, மேகப்புண், பறங்கிப்புண் என்று இதற்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. கப்பலேறி வந்தவர்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டது அந்தக் கடைசிப் பெயர்.

மற்ற மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாங்க்ராய்டு: ஓரம் பிய்ந்த, அழுக்கேறிய, தொட்டால் ரத்தம் கசியும், உயிர் போகிற வலியுள்ள புண், தொடை இடுக்கில் கட்டி பழுத்து உடையும். இந்தியாவில் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்.ஜி.வி.: கிளமிடியா என்ற பாக்டீரியா வகையறா, புண் சின்னதாக வந்து யாரும் கவனிப்பதற்குள் போய்விடும், அப்புறம் இடுக்கில் பெரிய கட்டியாக நிற்கும். பழைய வைத்தியர்கள் அரையாப்பு என்பார்கள். ஐந்தாவது டோனோவனோசிஸ். வலியில்லாமல் சிவந்த சதையாகப் படர்ந்துகொண்டே போகும். இதன் பெயரில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. காலா-அசார் காய்ச்சலின் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் டோனோவன் மதராஸில் வேலை பார்த்த டாக்டர். 1905-ல் இந்தப் புண்ணிலிருந்த கிருமி உருக்களை விவரித்தார். அதே 1905-ல்தான் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாஃப்மனும் சிபிலிஸின் திருகாணிக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மாணவனாக இருந்தபோது டோனோவனோசிஸ் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பால்வினை நோயே இல்லாத புண்களும் உண்டு. காய்ச்சலுக்கும் பேதிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோல் வெந்து, ஆறிய பின் கருப்புத் தழும்பாக நிற்கும். சொறிசிரங்கு அங்கேயும் வரும். ஐம்பது தாண்டியவருக்கு மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் ஊசி மாத்திரை என்று நாள் கடத்தாமல் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், புற்றுநோயாக இருக்கலாம்.

பாடப்புத்தகப் படம் போல நோயாளி வரமாட்டார். களிம்பு பூசி, கிருமிநாசினி ஊற்றி, பாதி ஆறிய நிலையில்தான் வருவார். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் சேர்ந்தும் இருக்கலாம். கண்ணை நம்பி ஒரே பெயரை எழுதுவது ஆபத்து என்பதால்தான், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் கிருமியின் பெயரைத் தேடாமல் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை வந்தது. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் இயங்கும் பால்வினை நோய்ப் பிரிவுகளில் நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இருக்கும். கொப்புளம் இல்லாத புண்ணுக்கு வெள்ளை: பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஊசி, அசித்ரோமைசின் ஒரு கிராம். பெனிசிலின் சிபிலிஸுக்கு, அசித்ரோமைசின் சாங்க்ராய்டுக்கு. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு நீலம்: அதே அசித்ரோமைசினும், 15 நாள் டாக்ஸிசைக்கிளினும். ஹெர்பிஸுக்குச் சிவப்பு. இடுக்குக் கட்டிக்குக் கருப்பு, அதில் 21 நாளுக்கு டாக்ஸிசைக்கிளின். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் புண்ணைக் கண்டால் சிபிலிஸுக்கும் ஹெர்பிஸுக்கும் அன்றைக்கே சேர்த்து மருந்து கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இத்தனை வருஷ அனுபவம் என்று நான் பெருமையடித்துக்கொள்ளாமல், வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, வி.டி.ஆர்.எல். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி வந்ததால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. புண் வந்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் அந்த எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகியிருக்காது. முதல் நிலை சிபிலிஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது ஒன்றுமில்லை என்றே வரும். இவர் ஐந்தாம் நாள் ரத்தம் கொடுத்தார். சில வாரம் கழித்து இன்னொருமுறை எடுக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நான் கட்டைவிரல் அனுப்பினேன்.

ஜூலை

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் பட்டப்பகலில், இருமல் கூட்டத்தோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார். இந்த முறை மறைக்க எதுவும் இல்லை என்று நினைத்திருக்கிறார்.

"ஐஸ் அலர்ஜி சார். மாத்திரை எதுனா குடு."

இரண்டு கையையும் விரித்து மேஜைமேல் வைத்தார். வடம் இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அந்தக் காய்ப்புக்கு நடுவே செம்பு நிறத்தில் துவரம்பருப்பு அளவுக்குப் புள்ளிகள். சிலவற்றின் ஓரத்தில் மெல்லிசாகத் தோல் உரிந்து வட்டம் கட்டியிருந்தது. அரிப்பு இல்லை. ஐஸ் அள்ளினால், கயிறு பிடித்தால் கையில் ஏதாவது வரலாம். செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலிலும் அதே புள்ளிகள். எந்த ஐஸ் காலில் இப்படி வரும்?

அரிக்காத தடிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் நினைப்பதற்கு முன் சிபிலிஸை நினைக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னேன். கீழுதட்டின் உட்புறம் நத்தை ஊர்ந்த தடம் போல வெளுத்த ஒரு திட்டு. பின்தலையில் முடி அங்கங்கே கொட்டியிருந்தது. சலூன்காரர் பார்த்துவிட்டு "பூச்சிவெட்டா?" என்று கேட்டாராம். ஒரு மாதமாக அசதி, ராத்திரியில் லேசான காய்ச்சல். இவையெல்லாம் வெவ்வேறு தொல்லைகள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'இருபுறமும் நெறி, கெட்டி, வலியில்லை.'

வி.டி.ஆர்.எல். இந்த முறை 1:64, அதாவது 64 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் எதிர்ப்பொருள் தெரிந்தது. உறுதிப்படுத்தும் டி.பி.ஹெச்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். இரண்டாம் நிலை சிபிலிஸ். புண் இருந்தபோதே ரத்தத்தில் இறங்கிய கிருமி, அது ஆறிய பிறகும் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தத் தடிப்பும் சும்மா விட்டால் போய்விடும். போன பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது, அப்புறம் இதயத்தின் பெருந்தமனியிலோ மூளையிலோ கண்ணிலோ போய் நிற்கும். மூளை, கண், காது சம்பந்தமான தொந்தரவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

ஏப்ரலில் நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அவர் கோபப்படவில்லை. "அந்த எரிச்சல் நான் வாங்கி வந்ததுதான சார்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்?

ஊசி

பென்சத்தீன் பெனிசிலின் எழுதிக்கொடுப்பது சுலபம், கிடைப்பது கஷ்டம். மலிவான மருந்து என்பதால் பல கடைகளில் வைப்பதில்லை. ஒவ்வாமை வந்துவிடுமோ என்று தனியார் டாக்டர்கள் பலரும் போடுவதில்லை. அதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுத்து அனுப்புகிறார்கள். சிபிலிஸ் கிருமி உலகின் பல பகுதிகளில் அதற்குப் பழகிவிட்டது. பெனிசிலினுக்கு மட்டும் அது இதுவரை பழகவில்லை. 1943-ல் அமெரிக்காவில் மஹோனி முதன்முதலாக சிபிலிஸுக்குக் கொடுத்த மருந்து, இன்றைக்கும் அதே வேலையைச் செய்கிறது.

ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரினலின் ஆம்பூலை உடைக்கத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோதனை ஊசி போட்டு அரை மணி நேரம் பார்த்தோம். ஒன்றுமில்லை. வெள்ளைத் தூள் இருந்த குப்பியில் சிஸ்டர் தண்ணீரைச் செலுத்திக் குலுக்கினார். சுண்ணாம்புக் கரைசல் போல ஆகும் அது. மெல்லிய ஊசியில் ஏறாது, ஏறினாலும் பாதியில் அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசி, கலக்கியதும் தாமதிக்காமல், இடுப்பின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு லட்சமாகப் பிரித்து, மெதுவாக. அவசரப்பட்டு அமுக்கினால் ஊசியும் அடைக்கும், நோயாளியும் துள்ளுவார்.

"இன்னா சார், ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான். ஒரு தடவையோட முடிஞ்சிடும்."

ராத்திரி காய்ச்சலும் குளிரும் தலைவலியும் வரலாம், தடிப்பு அதிகமாகத் தெரியலாம், அது மருந்து ஒவ்வாமை இல்லை, கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை, பாராசிட்டமால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. "சார், நீ சொன்ன அதே ஜுரம் வந்துடுச்சு" என்றார். குரலில் பயம் இல்லை. சொல்லாமல் அனுப்பியிருந்தால் அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார், பெனிசிலின் ஆகாது என்று யாராவது சீட்டில் எழுதியிருப்பார்கள், ஆயுசுக்கும் அது அவரைத் துரத்தியிருக்கும்.

எண்ணூர்

கடினமான பகுதி இது. "அவகிட்ட சொல்லாத சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மார்ச் நடுவில், படகு வேறு ஊரில் நின்றபோது நடந்த ஒரே ஒரு ராத்திரி. அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. அவரைத் தேடிச் சிகிச்சைக்கு அழைக்க வழியில்லாமல் போனது இந்த நிகழ்வில் இன்னமும் திறந்தே கிடக்கும் பக்கம்.

மனைவிக்கு அப்போது 27 வாரம். பயப்பட வேண்டாம் என்றார் கணவர். மார்ச்சில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது எல்லா டெஸ்டும் எடுத்து, எதுவும் இல்லை என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. மார்ச்சில் மனைவிக்குத் தொற்று இல்லை. தொற்று வந்தது, புண் ஆறிவிட்டது, இனித் தள்ளி இருக்க வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு. இரண்டாம் நிலையில் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் ஈரத் திட்டுகளில் கிருமி கொட்டிக் கிடக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

சொல்ல வேண்டியது நீங்கள்தான், ஆனால் ரெண்டு நாளுக்கு மேல் காத்திருக்க முடியாது, குழந்தை விஷயம் என்றேன். சுகவாழ்வு மையத்தின் ஆலோசகரிடம் இருவரையும் சேர்த்து அனுப்பினேன். அங்கே எத்தனை நேரம் ஆயிற்று, என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மனைவிக்கு எந்த அறிகுறியும் இல்லை; பெண்களுக்குப் புண் கருப்பை வாயில் வந்துபோனால் யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். 1:8, டி.பி.ஹெச்.ஏ. பாசிட்டிவ். கர்ப்பத்தில் சிபிலிஸுக்குச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் ஏதாவது ஒரு கேடு நேரும்: வயிற்றிலேயே இறப்பது, குறைமாதம், நோயோடு பிறப்பது. டாக்ஸிசைக்கிளின் கர்ப்பிணிக்கு ஆகாது. எரித்ரோமைசின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போதுமான அளவு போகாது. குழந்தைக்கும் சேர்த்து வைத்தியம் செய்வது பெனிசிலின் ஒன்றுதான். அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கவைத்து, குழந்தையின் அசைவைக் கவனித்தபடி முதல் ஊசி. ஒரு வாரம் கழித்து இரண்டாவது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு மனைவி தனியாக என்னிடம் வந்தார். அழவில்லை. இரண்டு கேள்வி கேட்டார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"பிரசவத்துக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு மாசம் மருந்துக்கு டைம் வேணும்மா. உங்களுக்கு ரெண்டரை மாசத்துக்கு மேலயே இருக்கு."

"இந்த ஊசி போட்டுக்கிட்டா, அவரு மறுபடி எங்கயாவது போனாலும் எனக்கு வராதா?"

வரும் என்றேன். இந்த நோய் ஒருமுறை வந்து போனதால் மறுமுறை வராமல் இருக்காது. ஆணுறை போட்டால் ஆபத்து குறையும். ஆனால் ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அதுவும் முழுக் காவல் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, "அவரையும் கூப்பிட்டு இதே மாதிரி சொல்லிடுங்க" என்றார். சொன்னேன்.

பின்தொடர்தல்

புண் இருக்கும் இடம் ஹெச்.ஐ.வி.க்குத் திறந்த கதவு. புண் உள்ளவருக்கு அந்தத் தொற்று ஏறும் வாய்ப்பு பல மடங்கு. நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் கண்டறியப்பட்டது இதே ஊரில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சியில். ஏப்ரலில் எடுத்த ஒரு சோதனையை வைத்து நிம்மதியடையக் கூடாது என்று இருவரையும் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு ஜூலையிலும் அக்டோபரிலும் அனுப்பினோம். இல்லை என்று வந்தது.

அக்டோபரில் பெண் குழந்தை, 2.7 கிலோ. தாயின் வி.டி.ஆர்.எல். 1:2, குழந்தைக்கும் 1:2. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போவதால் குழந்தைக்கும் அப்படிக் காட்டும். தாயினுடையதைவிட நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் கவலை. உடம்பில் வேறு அடையாளம் எதுவும் இல்லை. இருந்தாலும் குழந்தை மருத்துவர் முன்னெச்சரிக்கையாக கிலோவுக்கு 50,000 யூனிட் கணக்கில் ஒரே ஒரு பெனிசிலின் ஊசி போட்டார். ஆறாம் மாதம் குழந்தையின் ரத்தத்தில் எதுவும் இல்லை.

கணவரின் கணக்கு: ஜூலையில் 1:64, ஜனவரியில் 1:16, அடுத்த ஏப்ரலில், மறுபடி தடைக்காலம் தொடங்கிய வாரத்தில், 1:4. ஒரு வருஷத்துக்குள் நான்கு மடங்காவது குறைய வேண்டும் என்பது விதி. இவருக்கு அதைவிடவே நன்றாக இறங்கியிருக்கிறது. தலையில் முடி முளைத்துவிட்டது.

அந்த ஏப்ரலில் வந்தபோது அவருக்கு ஒரு புதுக் கவலை. வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். மெடிக்கலில் 'டி.பி.ஹெச்.ஏ. பாசிட்டிவ்' என்று எழுதி நிறுத்திவிட்டார்கள்.

"ஊசி போட்டு சரியாயிடுச்சே சார். அப்புறம் ஏன் பாசிட்டிவ்ன்றான்?"

அந்தப் பரிசோதனை, நோய் எப்போதாவது வந்ததா என்பதைச் சொல்லும். இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே நிற்கும். இதை அவருக்கு விளக்கிவிட்டு, ஊசி போட்ட தேதி, மருந்தின் அளவு, மூன்று வி.டி.ஆர்.எல். கணக்கு, சிகிச்சை முடிந்தது, இன்னொரு சிகிச்சை தேவையில்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். மறுநாள் அதை லேமினேஷன் செய்து கொண்டுவந்து காட்டினார். பிளாஸ்டிக்குக்குள் என் கையெழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தது. இன்னொன்று எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணா சார், முத்திர தெரியுதுல்ல, போதும்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.